ராபர்ட் காப்பா

ராபர்ட் காப்பா (அக்டோபர் 22, 1913 - மே 25, 1954) ஹங்கேரியில் பிறந்து பின்னர் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பத்திரிகை ஒளிப்படக் கலைஞர் ஆவார். இவரது இயற்பெயர் எண்ட்ரே எர்னோ பிரீட்மான் என்பதாகும். ஸ்பானிய உள்நாட்டுப் போர், இரண்டாம் சீன-ஜப்பானியப் போர், இரண்டாம் உலகப் போர், 1948 ஆம் ஆண்டின் அரபு-இஸ்ரேல் போர், முதலாம் இந்தோசீனப் போர் ஆகிய ஐந்து போர்களை இவர் களத்திலிருந்து படம்பிடித்தார். மாக்னம் ஒளிப்பட நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரும் ஆவார். தனது 40 ஆவது வயதில் வியட்நாமில் கண்ணிவெடியில் சிக்கி உயிரிழந்தார்.

போர் ஒளிப்படக் கலையில் மிகுந்த புகழ்பெற்ற பெயர்களுள் காப்பாவின் பெயரும் ஒன்று. எனினும் அப்பெயரே புனைந்து சூட்டிக்கொள்ளப்பட்டதாகும். அவரது புகழ்பெற்ற இரண்டு படைப்புகளான ஸ்பெயினின் வீழும் வீரன் படமும் நார்மண்டிக் கடற்கரைப் படங்களும் எவ்வாறு உருவாயின என்பது குறித்து இன்றளவும் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. இதனால் அவரது வாழ்க்கை, செய்திப்படம் ஒன்றை எந்த அளவுக்குச் சான்றாகக் கொள்ளலாம் என்ற கேள்வியோடு பிணைந்ததாக உள்ளது.

இளமைக்காலம்

எண்ட்ரே பிரீட்மான் ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் புடாபெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் தெஷோ பிரீட்மான், யூலியா பெர்கோவிட்ஸ் ஆகியோர் நாகரிக உடைகளைத் தைத்து விற்கும் நிலையம் ஒன்றை நடத்திவந்தனர். மூன்று ஆண் பிள்ளைகளுள் இவர் இரண்டாமவர். இளையவரான கோர்னேல் பின்னாளில் கோர்னல் காப்பா என்ற பெயரில் ஒளிப்படக் கலைஞராக விளங்கினார்.

முதலாம் உலகப் போருக்குப் பின்னர் ஹங்கேரியில் மிக்லோஷ் ஹோர்த்தியின் ஆட்சி அமைந்தது. பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1920 இல் கொண்டுவரப்பட்டது. எழுத்தாளராகவும் செய்தியாளராகவும் வர விரும்பிய எண்ட்ரே, இளம் வயதிலேயே இடதுசாரி மாணவர் குழுக்களுடன் தொடர்புகொண்டார். இதன் காரணமாக 1931 இல் கைதுசெய்யப்பட்டார். நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் விடுவிக்கப்பட்ட அவர், தனது 17 ஆவது வயதில் ஜெர்மனியின் பெர்லின் நகருக்குச் சென்றார். அண்டை வீட்டுத் தோழியான ஏவா பெஷ்னியோ அவருக்கு முன்பே பெர்லினில் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றி வந்தார். எண்ட்ரே இத்துறையில் ஆர்வம் கொள்ள அவரும் ஒரு காரணம்.

பெர்லினும் முதல் படமும்

பெர்லினில் எண்ட்ரே அரசியல் உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் இதழியல் பயின்றார். உலகப் பொருளாதார நெருக்கடியால் பெற்றோரின் தொழில் நலிவடைந்து, வீட்டிலிருந்து பணம் வருவது குறைந்தது. எனவே சைமன் குட்மான் நடத்திய டெஃபோட் என்னும் ஒளிப்பட முகமை நிறுவனத்தில் இருட்டறை உதவியாளராகச் சேர்ந்தார்.

1932 நவம்பரில் ரஷ்யப் புரட்சித் தலைவர் லியோன் ட்ரொட்ஸ்கி டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் உரையாற்றினார். அதனைப் படம்பிடிக்க எண்ட்ரே அனுப்பப்பட்டார். கையடக்கமான 35 மில்லிமீட்டர் லைக்கா ஒளிப்படக்கருவியுடன் சென்ற அவர், மேடைக்கு அருகிலிருந்து எடுத்த படங்கள் பத்திரிகையில் வெளியாயின. இவையே வெளியான அவரது முதல் படங்களாகும். சிறிய கருவியுடன் பொருளுக்கு மிக அருகில் செல்லும் முறை அவரது வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் யூதரான அவர் பெர்லினில் இருக்க இயலவில்லை. வியன்னா சென்று, சிறிது காலம் புடாபெஸ்டில் தங்கிய பின்னர் பிரான்சின் பாரிஸ் நகரை அடைந்தார்.

காப்பா என்னும் பெயர்

பாரிசில் வறுமையில் வாழ்ந்த எண்ட்ரே, தன்னைப் போன்ற புலம்பெயர்ந்த கலைஞர்களுடன் நட்புக் கொண்டார். போலந்தைச் சேர்ந்த டேவிட் செமூர், பிரெஞ்சுக்காரரான ஹென்றி கார்ட்டியர் பிரெசோன் ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். முன்பே பாரிசில் பெயர்பெற்றிருந்த ஹங்கேரியரான ஆந்த்ரே கெர்த்தேஸ் அவருக்கு உதவினார்.

1934 இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் பிறந்த கெர்டா போகோரில் என்ற யூதப் பெண்ணைச் சந்தித்தார். அவரும் நாசிகளிடமிருந்து தப்பி வந்தவரே. எண்ட்ரேயிடமிருந்து கெர்டா ஒளிப்படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். படங்களை விற்கும் தொழிலறிவு கெர்டாவிடம் மிகுதியாக இருந்தது. பெயரறியாத ஹங்கேரிய அகதியின் படங்களுக்குக் குறைந்த விலையே கிடைத்ததால், இருவரும் 1936 இல் ராபர்ட் காப்பா என்ற அமெரிக்கக் கலைஞரைக் கற்பனையாகப் படைத்தனர். எண்ட்ரே எடுத்த படங்களை, பாரிசுக்கு வந்துள்ள புகழ்பெற்ற அமெரிக்கரின் படங்கள் எனக் கூறிக் கெர்டா கூடுதல் விலைக்கு விற்றதாகக் கூறப்படுகிறது. உண்மை விரைவில் வெளிப்பட்டபோதிலும் அப்பெயர் நிலைத்துவிட்டது. கெர்டாவும் தன் பெயரைக் கெர்டா டாரோ என மாற்றிக்கொண்டார்.

தொடக்கத்தில் காப்பா என்பது ஒரு தனிமனிதரின் பெயராக இல்லாமல், இருவரது உழைப்புக்கும் உரிய பெயராகவே இருந்தது. இது பின்னாளில் படங்களின் உரிமையைப் பிரித்தறிவதில் சிக்கலை ஏற்படுத்தியது.

ஸ்பானிய உள்நாட்டுப் போர்

1936 ஜூலையில் ஸ்பெயினின் குடியரசு அரசாங்கத்திற்கு எதிராகப் படைத்தளபதிகள் கிளர்ச்சி செய்தனர். ஆகஸ்டு மாதத்தில் காப்பாவும் டாரோவும் அங்கு சென்றனர். பாசிசத்தால் நாடிழந்த இருவரும் குடியரசுத் தரப்பை வெளிப்படையாக ஆதரித்தனர். பார்சிலோனா, அரகோன், கோர்தோபா ஆகிய பகுதிகளில் பணியாற்றிய பின்னர், முற்றுகைக்குள்ளான மட்ரிட் நகரிலும் காப்பா படமெடுத்தார். மட்ரிடின் வல்யேக்காஸ் பகுதியில், குண்டுச் சிதறல்களால் துளைபட்ட வீட்டுச் சுவரின் முன் சிறுவர்கள் அமர்ந்திருக்கும் படம் இக்காலத்தில் எடுக்கப்பட்டதாகும். 1937 இல் பாரிசிலிருந்து வெளியான சே சுவார் என்னும் நாளிதழில் அவர் பணியில் சேர்ந்தார்.

1937 மே மாதம் பில்பாவோ நகரில் எடுத்த படங்களுள் சிலவற்றில் விமானங்களோ குண்டுகளோ இல்லை. வானத்தை அண்ணாந்து பார்க்கும் மக்களின் முகங்களும், பிள்ளையின் கையைப் பிடித்தபடி தெருவைக் கடக்கும் தாயும் மட்டுமே அவற்றில் உள்ளனர். நகரங்களின் மீது வான்வழித் தாக்குதல் நடத்துவது போர்முறையாக வளர்ந்துவந்த காலத்தில், அதன் விளைவைப் பொதுமக்களின் முகங்களில் காட்டிய தொடக்கப் படங்களுள் இவையும் அடங்கும்.

வீழும் வீரன்

செப்டம்பர் 1936 இல் கோர்தோபாப் போர்முனையில் காப்பா எடுத்த படம் ஒன்று, குண்டடிபட்ட குடியரசுப் படைவீரர் ஒருவர் துப்பாக்கி கையிலிருந்து நழுவப் பின்னோக்கிச் சாயும் கணத்தைக் காட்டுகிறது. இது செப்டம்பர் 23, 1936 இல் வு என்னும் பிரெஞ்சு இதழிலும், ஜூலை 12, 1937 இல் அமெரிக்காவின் லைஃப் இதழிலும் வெளியானது. வீழும் வீரன் என அறியப்படும் இப்படமே காப்பாவை உலகப் புகழ்பெறச் செய்தது.

படம் செர்ரோ முரியானோ என்னுமிடத்தில் செப்டம்பர் 5 இல் எடுக்கப்பட்டதாக நீண்டகாலம் கருதப்பட்டது. 1975 இல் பத்திரிகையாளர் பிலிப் நைட்லி, போர்ச் செய்தியாளர்கள் குறித்து எழுதிய நூலில், இது நடிக்கவைத்து எடுக்கப்பட்டதாக இருக்கலாம் என்ற ஐயத்தை எழுப்பினார். காப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ரிச்சர்ட் வீலன் படம் உண்மையானதே என வாதிட்டார். 1990களில், படத்திலிருப்பவர் அல்கோய் நகரைச் சேர்ந்த பெதெரிக்கோ பொரெல் கார்சியா என அடையாளம் காணப்பட்டது. அவர் செப்டம்பர் 5 இல் செர்ரோ முரியானோவில் கொல்லப்பட்டவர். ஆனால் அவர் ஒரு மரத்தின் பின்னாலிருந்தபோது சுடப்பட்டதாகக் கூறும் குறிப்பு ஒன்று பின்னர் சுட்டிக்காட்டப்பட்டது. படத்தில் மரம் எதுவும் இல்லை.

2009 இல் ஸ்பானிய ஆய்வாளர் ஹோசே மனுவேல் சுஸ்பெரெகி, படத்தின் பின்னணியில் தெரியும் மலைத்தொடரை ஆராய்ந்தார். அப்படம் செர்ரோ முரியானோவிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எஸ்பெகோ என்னும் ஊரின் அருகே எடுக்கப்பட்டது என அவர் நிறுவினார். படம் எடுக்கப்பட்டதாகக் கருதப்படும் நாட்களில் எஸ்பெகோவில் சண்டை நடைபெறவில்லை என்பதால் ஐயம் மேலும் வலுத்தது. மறுபுறம், 2013 இல் வெளிக்கொணரப்பட்ட 1947 ஆம் ஆண்டு வானொலிப் பேட்டியில், பதுங்குகுழியிலிருந்து கருவியைத் தலைக்கு மேல் உயர்த்தி, பார்க்காமலேயே அப்படத்தை எடுத்ததாகக் காப்பா விவரித்துள்ளார். மூல நெகட்டிவ் கிடைக்காததால் முடிவான விடை எட்டப்படவில்லை.

கெர்டா டாரோவின் இறப்பு

1937 ஜூலையில் மட்ரிடுக்கு மேற்கேயுள்ள புருனேத்தே போரைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார் டாரோ. காப்பா அப்போது பாரிசில் இருந்தார். ஜூலை 25 இல் குடியரசுப் படை பின்வாங்கியபோது, காயமடைந்தோரை ஏற்றிச்சென்ற வாகனத்தின் பக்கவாட்டில் தொற்றிச் சென்ற டாரோ, கட்டுப்பாடிழந்த பீரங்கி வண்டி ஒன்று மோதியதில் படுகாயமுற்று, மறுநாள் காலையில் இறந்தார். ஆகஸ்டு 1 அன்று, அவரது 27 ஆவது பிறந்தநாளில், பாரிசின் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். போர்க்களத்தில் பணியின்போது உயிரிழந்த முதல் பெண் ஒளிப்படச் செய்தியாளராக அவர் கருதப்படுகிறார்.

1938 இல் வெளியான டெத் இன் த மேக்கிங் என்னும் ஒளிப்பட நூலைக் காப்பா டாரோவுக்குக் காணிக்கையாக்கினார். நூலில் இருவரது படங்களும் இடம்பெற்றிருந்தபோதிலும், எப்படம் எவருடையது எனக் குறிப்பிடப்படவில்லை. பின்வந்த பல ஆண்டுகள் டாரோவின் படங்கள் பல காப்பாவின் பெயரிலேயே அறியப்பட்டன. தொடக்க காலத்தில் டாரோ சதுர வடிவப் படச்சுருளையும், காப்பா 35 மில்லிமீட்டர் லைக்காவையும் பயன்படுத்தியது, இருவரது படங்களையும் பிரித்தறிய ஆய்வாளர்களுக்குத் துணைபுரிந்தது. 2020 இல் வெளியான இந்நூலின் மறுபதிப்பு, படங்களை எடுத்தவர்களைத் தனித்தனியே அடையாளம் காட்டுகிறது. அவற்றுள் டேவிட் செமூரின் படங்களும் உள்ளமை அதில் தெரியவந்தது.

சீனாவும் ஸ்பெயினின் முடிவும்

1938 இல் டச்சு இயக்குநர் யோரிஸ் இவென்ஸ் தலைமையிலான ஆவணப்படக் குழுவுடன் காப்பா சீனா சென்றார். ஜப்பானியப் படையெடுப்பை எதிர்த்துச் சீனர் வெற்றிபெற்ற தையெர்சுவாங் போர்முனையிலும், குண்டுவீச்சுக்குள்ளான ஹான்கோ நகரிலும் படமெடுத்தார். கம்யூனிஸ்டுகளின் பகுதிக்குச் செல்லச் சீன அரசு இசைவளிக்கவில்லை. அவர் எடுத்த சீனச் சிறுவீரன் ஒருவனின் படம் மே 16, 1938 லைஃப் இதழின் அட்டையில் வெளியானது.

மீண்டும் ஸ்பெயின் சென்ற காப்பா, சேக்ரே ஆற்றங்கரையில் நடந்த சண்டையை மிக அருகிலிருந்து படம்பிடித்தார். பிரித்தானியாவின் பிக்சர் போஸ்ட் இதழ் டிசம்பர் 3, 1938 இல் இவற்றை 11 பக்கங்களில் வெளியிட்டு, உலகின் தலைசிறந்த போர் ஒளிப்படக் கலைஞர் என அவரை அறிமுகப்படுத்தியது. அப்போது அவருக்கு வயது 25.

1939 ஜனவரியில் பார்சிலோனா வீழ்ந்தது. பிரெஞ்சு எல்லையை நோக்கி நடந்த அகதிகளையும், பின்னர் பிரான்சின் ஆர்ஷெலேஸ் கடற்கரையில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்ட அகதிகளையும் அவர் படம்பிடித்தார். அவ்வாண்டு ஜூலையில் டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் போட்டியைப் படமெடுக்கச் சென்றபோதும், பல இடங்களில் வீரர்களை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் பக்கமே கருவியைத் திருப்பினார். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும், இடதுசாரிச் சார்புள்ள வெளிநாட்டவர் என்ற வகையில் பிரான்சில் கைதாகும் அபாயம் இருந்ததால், தாயும் தம்பியும் வசித்த நியூயோர்க் நகருக்குச் சென்றார்.

இரண்டாம் உலகப் போர்

ஹங்கேரி ஜெர்மனியின் பக்கம் சேர்ந்ததால், அமெரிக்காவில் காப்பா பகைநாட்டுக் குடிமகனாகக் கருதப்பட்டார். எனினும் பத்திரிகைகளின் முயற்சியால் போர்ச் செய்தியாளராகச் செல்ல அவருக்கு இசைவு கிடைத்தது. 1941 இல் இங்கிலாந்தையும், 1943 இல் வடஆப்பிரிக்கா, சிசிலி, இத்தாலியப் பெருநிலம் ஆகியவற்றையும் படம்பிடித்தார்.

சிசிலியின் த்ரோயினா அருகே, ஜெர்மானியர் சென்ற திசையை அமெரிக்க வீரர் ஒருவருக்குத் தன் கைத்தடியால் சுட்டிக்காட்டும் உழவரின் படம் இக்காலத்தில் எடுக்கப்பட்டதாகும். 1943 அக்டோபரில் நேப்பிள்ஸ் நகரை அடைந்தபோது, ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்டு இறந்த பதின்வயதினர் 20 பேரின் இறுதிச் சடங்கைக் கண்டார். சவப்பெட்டிகளைச் சுற்றிக் கறுப்புடை அணிந்து கதறும் தாய்மாரின் படங்கள், நகரின் வெற்றி என உலகுக்கு அறிவிக்கப்பட்ட செய்தியின் மறுபக்கத்தைக் காட்டின.

நார்மண்டிக் கடற்கரை

ஜூன் 6, 1944 அன்று நேசநாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டியில் தரையிறங்கின. லைஃப் இதழுக்காகப் பணியாற்றிய காப்பா, அமெரிக்கப் படையின் 16 ஆவது காலாட்படைப் பிரிவினருடன் ஒமாகா கடற்கரையில் இறங்கினார். நேசப்படையினர் அன்று மிகக் கடுமையான இழப்பைச் சந்தித்த இடம் அதுவே. இடுப்பளவு நீரில் நின்று, எஃகுத் தடைகளின் பின்னால் ஒதுங்கிய வீரர்களை இரண்டு கான்டாக்ஸ் கருவிகளால் படமெடுத்த பின்னர், காயமுற்றோரை ஏற்றிச் சென்ற படகில் ஏறித் திரும்பினார். ஜூன் 19 லைஃப் இதழில் இப்படங்கள் வெளியாயின. அலைகளுக்கிடையே தவழ்ந்து முன்னேறும் வீரர் ஒருவரின் தெளிவற்ற உருவம் இப்போரின் அடையாளப் படங்களுள் ஒன்றாயிற்று.

காப்பா கரையில் நான்கு படச்சுருள்களை எடுத்ததாகவும், லைஃப் இதழின் லண்டன் அலுவலக இருட்டறையில் உலர்த்தும் பெட்டியின் வெப்பம் மிகுந்ததால் மூன்று சுருள்கள் அழிந்து, 11 படங்கள் மட்டுமே எஞ்சியதாகவும் நீண்டகாலம் கூறப்பட்டு வந்தது. அப்போது அங்கு படப்பிரிவு ஆசிரியராக இருந்த ஜோன் ஜி. மொரிஸ் இதனைப் பலமுறை விவரித்துள்ளார். 2014 முதல் விமர்சகர் ஏ. டி. கோல்மனும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் இதனை மறுத்தனர். அக்காலப் பெட்டிகளின் வெப்பத்தால் படச்சுருளின் பூச்சு உருகாது என்றும், காப்பா முதல் அலைக்குச் சற்றுப் பின்னரே கரையிறங்கிக் குறுகிய நேரமே அங்கு இருந்தார் என்றும், எடுத்தவையே அந்தச் சில படங்கள்தாம் என்றும் அவர்கள் வாதிட்டனர். கடற்கரையில் எடுக்கப்பட்டவை அவ்வளவே என்பது சாத்தியமே என மொரிஸும் பின்னர் ஏற்றுக்கொண்டார். இவ்வாதம் படங்கள் குறித்த கதையைப் பற்றியதே. படங்கள் ஒமாகா கடற்கரையில் சண்டையின்போது எடுக்கப்பட்டவை என்பதில் ஐயம் எழுப்பப்படவில்லை.

போரின் முடிவு

1944 ஆகஸ்டில் விடுவிக்கப்பட்ட ஷார்த்ர் நகரில், ஜெர்மானிய வீரர் ஒருவருக்குப் பிறந்த குழந்தையை ஏந்திச் செல்லும் பெண்ணின் தலையை மழித்து, ஊரார் எள்ளி நகையாடியபடி பின்தொடரும் காட்சியைக் காப்பா படமாக்கினார். தான் ஆதரித்த தரப்பினர் இழைத்த கொடுமையையும் மறைக்காமல் பதிவுசெய்த படம் என்ற வகையில் இது குறிப்பிடப்படுகிறது. ஆகஸ்டு 25 இல் பாரிஸ் விடுவிக்கப்பட்டபோதும் அவர் அங்கிருந்தார். 1945 மார்ச்சில் அமெரிக்க வான்குடை வீரர்களுடன் ரைன் ஆற்றுக்கு அப்பால் ஜெர்மனியில் குதித்தார். ஏப்ரல் 18 அன்று லைப்சிக் நகரின் ஒரு மாடி முகப்பில் இயந்திரத் துப்பாக்கியை இயக்கிக்கொண்டிருந்த இளம் அமெரிக்க வீரர் ஒருவர் சுடப்பட்டு வீழ்ந்ததைப் படம்பிடித்தார். போர் முடியப் பல நாட்கள் இருந்தபோதிலும், போரில் இறந்த கடைசி மனிதர் என்ற பொருளிலேயே அப்படம் அறியப்படுகிறது. அவ்வீட்டில் பின்னர் காப்பாவுக்கு நினைவுக் காட்சிக்கூடம் அமைக்கப்பட்டது.

1946 இல் காப்பா அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1947 இல் அமெரிக்க அரசு அவருக்குச் சுதந்திரப் பதக்கம் வழங்கியது. நடிகை இங்கிரிட் பெர்க்மனுடன் இக்காலத்தில் அவருக்குக் காதல் இருந்தது. திருமணத்திற்குக் காப்பா உடன்படாததால் இருவரும் பிரிந்தனர். 1947 இல் வெளியான ஸ்லைட்லி அவுட் ஆஃப் ஃபோகஸ் என்னும் அவரது போர் நினைவுநூல், நகைச்சுவையும் புனைவும் கலந்து எழுதப்பட்டதாகும். நார்மண்டி குறித்த பல கதைகளுக்கு இந்நூலே மூலமாக அமைந்தது.

மாக்னம் நிறுவனம்

அக்காலத்தில் ஒளிப்படங்களின் உரிமை பெரும்பாலும் அவற்றை வெளியிட்ட பத்திரிகைகளிடமே இருந்தது. கலைஞர் ஒருமுறை ஊதியம் பெற்றபின், படத்தை எவ்வாறு வெட்டி எக்குறிப்புடன் வெளியிடுவது என்பது அவர் கையில் இல்லை. இதனை மாற்ற விரும்பிய காப்பா, 1947 இல் கார்ட்டியர் பிரெசோன், டேவிட் செமூர், ஜார்ஜ் ரோட்ஜர், வில்லியம் வாண்டிவர்ட் ஆகியோருடன் மாக்னம் என்னும் கூட்டுறவு நிறுவனத்தைத் தொடங்கினார். இதன்படி நெகட்டிவ்களும் பதிப்புரிமையும் கலைஞரிடமே இருந்தன. ஒரே படத்தொகுப்பைப் பல நாட்டு இதழ்களுக்கு விற்று, அதன் வருவாயால் கலைஞர் தனக்குப் பிடித்த பொருளைத் தேடிச் செல்லவும் முடிந்தது.

உறுப்பினர்கள் உலகைப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டனர். செமூர் ஐரோப்பாவையும், ரோட்ஜர் ஆப்பிரிக்காவையும் மத்திய கிழக்கையும், கார்ட்டியர் பிரெசோன் இந்தியாவையும் தூரகிழக்கையும் ஏற்றனர். காப்பா எங்கு வேண்டுமாயினும் செல்பவராக இருந்தார். இந்த ஏற்பாட்டின்படி இந்தியா வந்த கார்ட்டியர் பிரெசோனே, 1948 ஜனவரியில் மகாத்மா காந்தியின் இறுதி நாளையும் இறுதி ஊர்வலத்தையும் படம்பிடித்தார்.

போருக்குப் பிந்திய பயணங்கள்

1947 கோடையில் எழுத்தாளர் ஜோன் ஸ்டைன்பெக்குடன் காப்பா சோவியத் ஒன்றியத்தில் பயணம் செய்தார். மாஸ்கோ, உக்ரேனியச் சிற்றூர்கள், இடிபாடுகளாகக் கிடந்த ஸ்டாலின்கிராட், ஜோர்ஜியா ஆகியவற்றின் அன்றாட வாழ்க்கையை இருவரும் பதிவுசெய்தனர். நாட்டைவிட்டு எடுத்துச்செல்லும் முன் படச்சுருள்களைச் சோவியத் அதிகாரிகள் சோதித்து, சிலவற்றை நீக்கினர். 1948 இல் எ ரஷ்யன் ஜர்னல் என்ற பெயரில் இது நூலாக வெளிவந்தது.

1948 மே மாதத்தில் டெல் அவிவில் இஸ்ரேல் நாடு அறிவிக்கப்பட்டதையும், தொடர்ந்த போரையும், 1950 வரை அங்கு வந்திறங்கிய அகதிகளையும் படமெடுத்தார். 1948 ஆகஸ்டில் பிரான்சின் தென்கடற்கரையில், பிரான்சுவாஸ் ஜிலோவின் பின்னால் குடைபிடித்தபடி நடந்துவரும் ஓவியர் பிக்காசோவின் புகழ்பெற்ற படத்தை எடுத்தார். 1953 இல் கம்யூனிஸ்டுச் சார்பு என்ற குற்றச்சாட்டின் பேரில் அமெரிக்க அரசு அவரது கடவுச்சீட்டைச் சில மாதங்கள் பறித்து வைத்திருந்தது. பயணத்தையே தொழிலாகக் கொண்ட அவருக்கு இது கடும் இடையூறாக அமைந்தது.

இறப்பு

1954 ஏப்ரலில் ஒரு ஜப்பானியப் பதிப்பகத்தின் அழைப்பை ஏற்றுக் காப்பா ஜப்பான் சென்றார். அங்கு சிறுவர்களையும் தெருக்காட்சிகளையும் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, இந்தோசீனாவில் விடுப்பில் செல்லும் தமது ஒளிப்படக் கலைஞருக்குப் பதிலாகச் சில வாரங்கள் பணியாற்ற இயலுமா என லைஃப் இதழ் கேட்டது. மீண்டும் போர்முனைக்குச் செல்ல விருப்பமில்லாதிருந்த காப்பா இதனை ஏற்றுக்கொண்டார்.

மே 7 இல் தியன் பியன் பூ கோட்டை வீழ்ந்து பிரெஞ்சுப் படை தோல்வியின் விளிம்பில் இருந்தது. மே 25 அன்று செங்கழிமுகப் பகுதியில், நாம் தின் நகரிலிருந்து தாய் பின் நோக்கிச் சென்ற பிரெஞ்சுப் படை அணியுடன் காப்பா பயணம் செய்தார். அணி நின்ற வேளையில், வயல்வெளியில் நடந்துசெல்லும் வீரர்களைப் படமெடுப்பதற்காகச் சாலையைவிட்டு இறங்கி முன்னே நடந்தார். சற்று நேரத்தில் கண்ணிவெடியை மிதித்து உயிரிழந்தார். அப்போது ஒளிப்படக்கருவி அவர் கையில் இருந்தது. வீரர்கள் முதுகைக் காட்டியபடி புல்வெளியில் பரவி நடந்துசெல்வதை அவரது கடைசிப் படங்கள் காட்டுகின்றன.

பிரெஞ்சு அரசு அவருக்கு இறப்பின் பின் போர்ச் சிலுவைப் பதக்கம் வழங்கியது. அவரது உடல் நியூயோர்க் மாநிலத்தின் அமவாக் என்னுமிடத்திலுள்ள குவேக்கர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. மாக்னம் உறுப்பினரான வெர்னர் பிஷோஃப் அதற்கு 9 நாட்கள் முன்னர்தான் பெருவில் விபத்தில் இறந்திருந்தார். டேவிட் செமூர் 1956 நவம்பரில் சூயஸ் பகுதியில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

கண்டெடுக்கப்பட்ட படச்சுருள்கள்

1939 இல் காப்பா பாரிசைவிட்டுச் சென்றபோது ஸ்பானியப் போரின் நெகட்டிவ்களைத் தனது அலுவலகத்திலேயே விட்டுச்சென்றார். ஜெர்மானியர் நெருங்கியபோது அவரது நண்பரும் இருட்டறைப் பணியாளருமான சிக்கி வைஸ் அவற்றைப் பாரிசிலிருந்து வெளியே கொண்டுசென்றார். அவை பின்னர் மெக்சிக்கத் தூதர் ஒருவரின் கையை அடைந்து, மெக்சிக்கோ நகரில் பல பத்தாண்டுகள் அறியப்படாமல் கிடந்தன. 2007 டிசம்பரில் நியூயோர்க்கின் பன்னாட்டு ஒளிப்பட மையத்திடம் அவை ஒப்படைக்கப்பட்டன. மெக்சிக்கப் பெட்டி என அழைக்கப்படும் இவை உண்மையில் மூன்று அட்டைப் பெட்டிகளாகும். காப்பா, டாரோ, செமூர் ஆகிய மூவரும் எடுத்த சுமார் 4,500 நெகட்டிவ்கள் இவற்றில் இருந்தன. சுருள்கள் முழுமையாகக் கிடைத்ததால், பல படங்கள் எந்த வரிசையில் எவரால் எடுக்கப்பட்டன என்பதை அறிய முடிந்தது. டாரோவின் பங்களிப்பு உரிய முறையில் மதிப்பிடப்படவும் இவை உதவின. வீழும் வீரன் படத்தின் நெகட்டிவ் இவற்றில் காணப்படவில்லை.

பாணியும் தாக்கமும்

காப்பாவின் படங்கள் பலவற்றில் தெளிவும் சீரான அமைப்பும் குறைவு. அசைவினால் கலங்கிய உருவங்களும் சாய்ந்த அடிவானமும் அவற்றில் இயல்பாகக் காணப்படுகின்றன. நெருங்கிச் சென்று எடுக்காத படம் நன்றாக அமையாது என்பது அவரது கொள்கையாகக் கூறப்படுகிறது. இந்நெருக்கம் தொலைவை மட்டும் குறித்ததன்று. படமெடுக்கப்படும் மனிதர்களுடன் கலந்து பழகுவதையும் அது உள்ளடக்கியது. போர்க்களத்தைவிடப் போரில் சிக்கிய பொதுமக்களே அவரது படங்களில் மிகுதியாக இடம்பெறுகின்றனர்.

1955 இல் லைஃப் இதழும் வெளிநாட்டுப் பத்திரிகையாளர் கழகமும் இணைந்து, மிகுந்த துணிவுடன் எடுக்கப்பட்ட வெளிநாட்டுச் செய்திப்படங்களுக்கான ராபர்ட் காப்பா தங்கப் பதக்கத்தை நிறுவின. அண்ணனின் படங்களைப் பாதுகாப்பதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட கோர்னல் காப்பா, 1974 இல் நியூயோர்க்கில் பன்னாட்டு ஒளிப்பட மையத்தைத் தோற்றுவித்தார். 17 வயதில் அவரை வெளியேற்றிய புடாபெஸ்ட் நகரில், அவர் பிறந்த நூறாவது ஆண்டான 2013 இல் அவர் பெயரால் ஒளிப்பட மையம் ஒன்று திறக்கப்பட்டது.

வீழும் வீரன், நார்மண்டி ஆகியவை குறித்த ஆய்வுகள் காப்பாவைப் பற்றிய கதைகள் சிலவற்றைத் தகர்த்துள்ளன. அதேவேளை, ஒரு செய்திப்படத்தை மதிப்பிட அது எடுக்கப்பட்ட இடம், நாள், முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட படங்கள் ஆகியவற்றையும் அறியவேண்டும் என்பதை அவை உணர்த்தின. படங்களின் உரிமையும் நெகட்டிவ்களும் கலைஞரிடமே இருக்கவேண்டும் என்று காப்பா முன்னெடுத்த ஏற்பாடு, இத்தகைய ஆய்வுகளுக்குத் தேவையான மூலச் சான்றுகள் அழியாமல் பேணப்படுவதற்கும் வழிவகுத்தது.